எழுதுகோல் உயர்த்தப்பட்ட பிள்ளைகள்

நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் நாம் விசாரிக்கப் போகிறோம். காய்ச்சலானாலும் கால் முறிவானாலும் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய், கட்டிலருகே அமர்ந்து, துஆச் செய்துவிட்டு வருகிறோம். நோயாளியை விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஒரு நோய் இருக்கிறது. அது புகுந்த வீட்டுக்கு யாரும் விசாரிக்கப் போவதில்லை. காரணம், அந்த வீட்டார் அதை வெளியே சொல்வதில்லை.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓதியவன், பள்ளிக்கூடத்திலும் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். ஒரு வருஷமாக மார்க்குகள் குறைகின்றன. கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறான். இரவெல்லாம் விழித்திருக்கிறான். குளிப்பதில்லை, உடை மாற்றுவதில்லை. தனியே சிரிக்கிறான், யாருக்கோ பதில் சொல்கிறான். ஒரு நாள், "உம்மா, அடுத்த வீட்டார் என்னைப் பற்றியே பேசுகிறார்கள், சுவர் வழியாகக் கேட்கிறது" என்கிறான். மற்றொரு நாள், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான்.

வீட்டார் முதலில் "வயசுக் கோளாறு" என்பார்கள். பிறகு "கண்ணேறு" என்பார்கள். அதன் பிறகு "யாரோ செய்துவிட்டார்கள்" என்பார்கள். தாவீஸ் கட்டுவார்கள், தகடு எடுப்பார்கள், ஊர் ஊராய் அலைவார்கள். பெண் பிள்ளையாக இருந்தாலோ இவ்வளவும் கூட நடக்காது. நாளை மாப்பிள்ளை வரவேண்டுமே என்று அறைக்கதவு சாத்தப்படும். இப்படியே ஓராண்டு, ஈராண்டு கழிந்துவிடும்.

நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. வீணாய்ப் போன அந்த ஆண்டுகள் யாருடைய ஏட்டில் எழுதப்படும்?

நோய் இன்னதென்று அறிதல்

தமிழில் இதனை மனச்சிதைவு நோய் என்கிறார்கள். ஸ்கிஸோஃப்ரினியா என்ற பெயரை 1908-ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யூஜின் பிளாய்லர். ஓர் உடலில் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகச் சினிமாவில் காட்டுகிறார்களே, அதுவன்று இது. எண்ணம் ஒரு பக்கமும் உணர்ச்சி ஒரு பக்கமும் வெளியுலகம் ஒரு பக்கமுமாக அறுந்து போவதே இந்நோய். பேசுவோர் இல்லாமலே பேச்சுக் கேட்கும். பகைவர் இல்லாமலே பகை தெரியும். பேச்சு கோர்வை இழக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். சிரிப்பும் ஆசையும் முயற்சியும் மெல்ல மெல்ல வற்றிப்போவது கண்ணுக்கு எளிதில் தெரியாத அறிகுறி. அதைத்தான் நாம் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் வைத்துப் பிள்ளையை அடிக்கிறோம்.

உலகில் ஏறத்தாழ 300 முதல் 350 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்நோய் காணப்படுகிறது. பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்பாகவும் பெண்களுக்குச் சற்றுப் பின்பாகவும் வருகிறது. 13 வயதுக்கு முன் வருவது மிக மிக அரிது. ஆனால் சிறு வயதில் வந்தால் கடுமையாகவே வருகிறது.

பிள்ளை பொய் சொல்கிறான் என்று நினைப்போருக்கு ஒன்று சொல்லவேண்டும். குரல் கேட்கும் வேளையில் அப்படிப்பட்டவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பேச்சுக்கும் கேள்விக்கும் உரிய பகுதிகள் அப்போது உண்மையாகவே இயங்குகின்றன. பேசுகிறவர் இல்லை, ஆனால் கேட்பது பொய்யில்லை. நமக்கு நம் தாயின் குரல் எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக அவனுக்கு அந்தக் குரல் கேட்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குரல் கேட்பதாகச் சொல்லும் பிள்ளைகள் அனைவரும் இந்நோயாளிகள் அல்லர். ஐந்து வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரியாத ஒரு தோழனோடு விளையாடுவது இயல்பு. கடும் துக்கம், பயம், பிறர் செய்த கொடுமை இவற்றாலும் பிள்ளைகள் குரல் கேட்பதுண்டு. வலிப்பு நோயாலும், கஞ்சா போன்ற போதையாலும், மூளை அழற்சியாலும் இப்படி நேரலாம். உடலின் காவல் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி 2007-ஆம் ஆண்டில்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. இளம் பெண்களுக்கு அதிகமாக வரும் அந்நோயில் பிள்ளை திடீரென்று பிதற்றும், கை கால் முறுக்கும், முகம் கோணும். பார்த்தவர்கள் ஷைத்தான் பிடித்தது என்று சத்தியம் செய்வார்கள். காலத்தில் கண்டுபிடித்து அதற்குரிய மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் எழுந்து நடமாடுகிறார்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இன்ன நோய் என்று பெயர் சூட்டுவது நம் வேலையன்று. மருத்துவரிடம் கொண்டு போய்ச் சேர்ப்பதே நம் வேலை.

எழுதுகோல் எங்கே போயிற்று?

மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உறங்குபவர் விழிக்கும் வரை. சிறுவர் பருவமடையும் வரை. புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், சித்தம் கலங்கிய ஒரு பெண் குற்றம் செய்தாள் என்று தண்டனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். வழியில் கண்ட அலீ (ரலி) அவர்கள் தடுத்து, இந்த நபிமொழியை நினைவூட்டினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொண்டு அவளை விடுவித்தார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

ஆகவே அந்நிலையில் பிள்ளை தொழவில்லை என்று நாம் அவனைப் பாவி என்று சொல்ல முடியாது. அவன் வாயில் வரும் தகாத சொற்களுக்காக அவன்மீது ஃபத்வா கேட்டு ஓட முடியாது. அவன் ஏட்டின்மேல் எழுதுகோல் இல்லை.

இதோடு நிறுத்திவிட்டு, "பாவம், அல்லாஹ் அவனிடம் கணக்குக் கேட்கமாட்டான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. அவனிடமிருந்து உயர்ந்த எழுதுகோல் எங்கே போயிற்று? தன் உடைமையைக் காக்க இயலாதவனின் பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. பொருளுக்கே பொறுப்பாளர் என்றால் அறிவுக்கும் உயிருக்கும் பொறுப்பாளர் இல்லையா? வாப்பா இருக்கிறார், உம்மா இருக்கிறார், உறவினர் இருக்கிறார்கள், மஹல்லா இருக்கிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி விசாரிக்கப்படுவோரே. பிள்ளையின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்ட எழுதுகோல் நம் ஏட்டின்மேல் வந்து நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

பிறர் நோயில் நாம் காட்டும் பொறுமை

இங்கே நல்லவர்கள் சிலர் ஒரு தடை சொல்வார்கள். "நோய் இறைவன் தந்த சோதனை. பொறுத்துக்கொள்வதே ஈமானுக்கு அழகு. வலிப்பு நோயால் வாடிய ஒரு பெண்மணி துஆக் கேட்டு வந்தபோது, பொறுத்தால் சுவர்க்கம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறவில்லையா? அவர் பொறுமையைத் தேர்ந்துகொள்ளவில்லையா?"

உண்மைதான். ஆனால் அச்சம்பவத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கே தேர்ந்தவர் யார்? நோயாளியே. புத்தித் தெளிவோடு வந்து, இரண்டு வழிகளையும் கேட்டு, தமக்காகத் தாமே ஒன்றைத் தேர்ந்தார். அவருடைய தகப்பனாரோ சகோதரரோ அவருக்காகத் தேரவில்லை. பெரியவர் ஒருவர் தம் உடல் நோய்க்கு மருந்துண்ணாமல் பொறுக்கலாமா என்பதில் அறிஞர்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்செல்லாம் தம்முடைய உடலைப் பற்றியது. தன் புத்தியே தன் வசமில்லாத பிள்ளையின் உடலைக் கொண்டு நாம் பொறுமை செய்ய முடியாது. வேதனை அவனுக்கு, நன்மை நமக்கு என்றால் அது என்ன பொறுமை? அதற்குப் பொறுமை என்று பெயரில்லை; பாராமுகம் என்று பெயர்.

மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்றும், நோயைத் தந்தவன் அதற்கு நிவாரணியையும் தந்திருக்கிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொன்னவர்களும் அவர்களே. தவக்குல் என்பது கட்டிய பிறகு வருவது.

ஜின்னும் சங்கிலியும்

"எல்லாம் சரி, ஜின் இல்லையென்கிறீர்களா?" என்று கேட்கலாம். ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஜின் உண்டு என்பது வேறு; இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஜின்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்வது வேறு. முன்னது ஈமான், பின்னது மறைவானதை அறிந்ததாக வாதாடுவது. ஐயாயிரமும் பத்தாயிரமும் வாங்கிக்கொண்டு அப்படி வாதாடுவோரை நாம் ஏன் நம்ப வேண்டும்? குர்ஆன் ஓதிப் பிள்ளையின்மீது ஊதுவதை யாரும் தடுக்கவில்லை. உம்மா ஓதட்டும், வாப்பா ஓதட்டும். மாத்திரை விழுங்க வைத்துவிட்டு ஓதட்டும். மாத்திரையை நிறுத்து என்று சொல்பவரும், அடிப்பவரும், புகை போட்டு மூச்சுத் திணற வைப்பவரும், கட்டிப் போடுபவரும் ஓதிப்பார்ப்பவர்கள் அல்லர், கொடுமை செய்பவர்கள்.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை நாம் மறந்துவிடக் கூடாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் விடுதியில் தீப்பற்றியது. அங்கிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய வீட்டார்தாம். பலர் அன்பால் விட்டார்கள். சிலர் அலுப்பால் விட்டார்கள். தீக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதன் பின்னர் அரசு அவ்விடுதிகளை மூடியது. பின்னாளில் தர்ஹாவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும்படி, தவாவும் துஆவும் சேர்ந்த ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் தங்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

மருத்துவமனை என்றாலே மேல்நாட்டார் வழி என்று நினைப்போர் நம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 934-இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மாரிஸ்தானில் மனநோயாளிகளுக்குத் தனி இடம் இருந்தது. 1354-இல் அலெப்போவிலும் 1488-இல் எதிர்னேயிலும் எழுந்த மருத்துவமனைகள் நீரூற்றின் ஓசையை நோயாளி கேட்கும்படி அமைந்தன. அக்காலத்து மாரிஸ்தான்களில் சங்கிலியே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம், இருந்ததுண்டு. ஆனால் அவற்றுக்கு வக்ஃப் எழுதி வைத்தவர்கள், பைத்தியம் என்று நாம் ஒதுக்குகிறவரை நோயாளி என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலையே நாம் இன்று இழந்து நிற்கிறோம்.

தாயின்மீது பழி

நோய்க்குக் காரணம் தேடும்போது நம் வீடுகளில் பெரும்பாலும் உம்மாதான் அகப்படுகிறாள். "கர்ப்பத்தில் அங்கே போனாள், இங்கே போனாள், வளர்க்கத் தெரியவில்லை" என்கிறார்கள். படித்த மேல்நாட்டாரும் இந்தத் தவற்றைச் செய்தார்கள். தாயின் சுபாவமே பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குகிறது என்ற கருத்து 1948-இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. பல்லாண்டு காலம் எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது ஆதாரமற்றது என்று பிறகு கைவிடப்பட்டது.

இந்நோய்க்குப் பரம்பரைக்கும் தொடர்புண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பாதிக்கு மேற்பட்டோர் தப்பிவிடுகிறார்கள். மரபு, கருவிலும் பிறப்பிலும் நேர்ந்த சில இடையூறுகள், பின்னாளைய நெருக்கடிகள், போதை என்று பல காரணங்கள் சேர்ந்தே நோய் தோன்றுகிறது. யாரும் செய்த பாவமல்ல. யாரும் செய்துவிட்ட சூனியமென்று அண்டை வீட்டாரோடு பகை கொள்ளவும் இடமில்லை.

வைத்தியமும் வீடும்

1952-இல் பாரிஸ் நகரில் ழான் டிலே, பியர் தெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். அன்று தொடங்கி இன்றுவரை பல மருந்துகள் வந்துவிட்டன. குரல்களை அடக்குவதிலும் சந்தேகங்களைத் தணிப்பதிலும் அவை பெரும்பாலோருக்கு உதவுகின்றன. வற்றிப்போன ஆசையையும் முயற்சியையும் மீட்பதில் அவ்வளவு உதவுவதில்லை. அதற்குப் பழக்கமும் பயிற்சியும் அன்பும் வேண்டும். இரண்டு மருந்துகள் பலன் தராதபோது குளோஸபின் என்ற மருந்து உண்டு. சிறுவர்களுக்கும் அது பயன்படுவதாகக் கண்டிருக்கிறார்கள்; ஆனால் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருந்துகளால் தொல்லையும் உண்டு. உடல் பெருக்கும், தூக்கம் மிகும், கை கால் விறைக்கும், சர்க்கரை ஏறலாம். வளரும் பிள்ளைகளுக்கு இத்தொல்லை அதிகம். அதை மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும். நாமாக நிறுத்தினால் பல வேளைகளில் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும். ரமலானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றுவதும் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். நோன்பு ஆகாது என்று அவர் சொன்னால் மார்க்கம் தந்த சலுகையை மனநிறைவோடு ஏற்க வேண்டும்.

இங்கே பெற்றோரை வாட்டும் ஒரு சங்கடம் உண்டு. தனக்கு நோயில்லை என்று பிள்ளை மருந்தை மறுக்கிறான். உம்மா மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிறாள். அன்பால் செய்வதுதான், அவளை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் யோசிக்க வேண்டும். அவன் நோயே, "உணவில் ஏதோ கலக்கிறார்கள்" என்ற சந்தேகம். என்றாவது தம்ளரின் அடியில் மாத்திரைத் துகளைக் கண்டுவிட்டால், அவன் சந்தேகம் மெய்யாகிவிடுகிறது; உலகில் அவன் நம்பிய கடைசி ஆளும் போய்விடுகிறாள். ஆகவே மருத்துவரிடம் மறுப்பை எடுத்துச் சொல்ல வேண்டும். "உனக்குக் குரல் கேட்கிறதே, அதனால் தூக்கமில்லையே, தூங்குவதற்காவது சாப்பிடு" என்று, அவனே ஒப்புக்கொள்ளும் துன்பத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். குரலை உண்டு என்று ஆமோதிக்கவும் வேண்டாம். இல்லை என்று சண்டையிடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது" என்பதே போதும். செத்துப்போ என்று குரல் சொல்வதாகவோ, சாக விரும்புவதாகவோ பிள்ளை சொன்னால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1950-களின் இறுதியிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாக மறித்து வந்தது. இது வீட்டார்மீது பழியன்று. நோயை வீடு உண்டாக்கவில்லை. ஆனால் குணத்தைக் காக்க வீட்டால் முடியும். மென்மையான சொல் நமக்குச் சுன்னத்து. அவனுக்கு அது மருந்தின் ஒரு பகுதி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம் சமுதாயம் விட்டொழிக்க வேண்டும். நிக்காஹ் மருந்தன்று. நோயை மறைத்து இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவருவது மோசடி. நோய் தணிந்து, மறைக்காமல் எடுத்துச் சொல்லி, இரு தரப்பும் மனமொப்பிச் செய்வது வேறு. அப்படி நல்ல குடும்பம் நடத்துவோரும் உண்டு.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். முதல் அறிகுறியிலிருந்து மருத்துவம் தொடங்கும் நாள் வரை காலம் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்குக் குணம் குறைகிறது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. நாம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அவன் ஆயுளிலிருந்தே கழிகிறது.

எல்லோரும் முழுக்கக் குணமாவார்கள் என்று நாம் வாக்களிக்கவில்லை. சிலர் படிப்பை முடித்து, தொழில் செய்து, தொழுகை வரிசையில் நம் தோளோடு தோள் நிற்பார்கள். சிலர் ஆயுள் முழுவதும் ஒருவர் கையைப் பிடித்தே நடப்பார்கள். அந்தக் கை நம் கையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகோல் நம் ஏட்டின்மேல் நிற்கிறது.

அடுத்த முறை நம் மஹல்லாவில் அப்படி ஒரு வீட்டின் கதவு நெடுநாள் சாத்தியிருக்கக் கண்டால், காய்ச்சல்காரரை விசாரிக்கப் போவது போலவே பழம் வாங்கிக்கொண்டு போய்த் தட்டுவோம். "பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று அவன் பெயரைச் சொல்லிக் கேட்போம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்போம்.

நோயுற்ற பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைச் சுமக்கும் தாய் தந்தையர்க்குத் தளராத உள்ளத்தையும், அக்கதவுகளைத் தட்டும் துணிவை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.